தண்ணீர் நகரம் வெனிசுக்கு முதல் பயணம்: ராத்திரி தங்கினால்தான் காசுக்குப் பலன்!

பஸ் கிடையாது. கார் கிடையாது. ஆட்டோ, ஸ்கூட்டர், சைக்கிள் எதுவுமே கிடையாது!

ஆம்புலன்சா? படகு. தீயணைப்பு வண்டியா? படகு. போலீசும் படகில்தான் வரும். குப்பை அள்ளுவதும் படகுதான். ஆள் இறந்துபோனால் பிணத்தைக் கொண்டுபோவதும் படகில்தான். அதற்கென்று சான் மிக்கேலே என்று ஒரு தீவு. தீவு முழுக்க இடுகாடு.

இத்தாலி நாட்டில் உள்ள வெனிஸ் நகரம்தான் அது. கடலோரக் காயலில் கிடக்கும் சுமார் 118 சின்னச்சின்னத் தீவுகளை, 400-க்கும் மேற்பட்ட பாலங்களால் கோத்து வைத்திருக்கிறார்கள். அதுதான் ஊர்.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். காலண்டரில் பார்த்திருப்பீர்கள். "ஒரு தடவையாவது போய்ப் பாத்துடணும்" என்று வீட்டில் பேச்சும் வந்திருக்கும். பிள்ளைகள் ஐரோப்பாவில் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் இது இப்போது வெறும் ஆசை இல்லை. விசாவுக்கு மனுப் போடும் அளவுக்கு வந்துவிட்ட விஷயம்.

ஆனால் போய்வந்தவர்களில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். "ஒரே கூட்டம் சார். ஏறினா படி, இறங்கினா படி. ஒரு காப்பிக்கு ஆயிரம் ரூபாய் பிடுங்கிட்டான்" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது பொய் இல்லை. தப்பு ஊர் மேலும் இல்லை. போட்ட திட்டத்தில்தான் தப்பு!

நம்ம கிளார்க் சார்

கணக்குக்கு ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம்.

அவர் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. மகன் இத்தாலியில் மிலான் நகரத்தில் வேலை பார்க்கிறான். இரண்டு பேரும் கடல் கடந்து போவது இதுதான் முதல் தடவை. மகனுக்கு லீவு கிடையாது. மிலானில் இருந்து வெனிசுக்கு அவர்கள் தனியாகத்தான் போய்வர வேண்டும்.

கையில் இருப்பது பி.எப். பணம். மறுபடி ஒரு தடவை போக முடியுமா? அந்த முழங்கால் இடம் கொடுக்குமா? யாருக்குத் தெரியும்!

இந்தத் தம்பதிக்குச் சரிப்பட்டு வரும் திட்டம், மற்ற எல்லோருக்கும் சரிப்பட்டு வரும்.

யூரோ விலை ஏறும், இறங்கும். மனக்கணக்குக்கு வசதியாக ஒரு யூரோவை 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்.

காலையில் போய் மாலையில் திரும்பினால்...

கிளார்க் சார் முதலில் என்ன சொல்வார்? "மிலான்ல இருந்து ரெண்டரை மணி நேரம்தானே ரெயில்? காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துடலாம். ஓட்டல் செலவு மிச்சம்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் ஐரோப்பா முழுக்க உள்ள சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். ரெயிலில் ஒரு கூட்டம். பஸ்சில் ஒரு கூட்டம். கப்பலில் வந்து இறங்கும் கூட்டம் வேறு. எல்லோரும் காலை 10, 11 மணிக்கு வந்து சேருகிறார்கள். எல்லோரும் போவது இரண்டே இடம்தான். ரியால்ட்டோ பாலம், சான் மார்க்கோ சதுக்கம்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்துகள் சில இடங்களில் இரண்டு ஆள் அகலம்தான். பகல் 12 மணிக்கு அங்கே நின்றால், தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு ஞாபகம் வந்துவிடும்.

சாயங்காலம் 5 மணிக்குக் கூட்டம் கலையத் தொடங்கும். விளக்குப் போடுவார்கள். தண்ணீரில் வெளிச்சம் விழும். சந்துகளில் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். ஊர் அழகாவது அப்போதுதான். அந்த நேரத்தில் நம்ம கிளார்க் சார் எங்கே இருப்பார்? திரும்பிப்போகும் ரெயிலைப் பிடிக்க ஸ்டேஷனில் நிற்பார்!

ஓட்டல் செலவை மிச்சம் பிடித்து, எதைப் பார்க்கப் போனாரோ அதை விட்டுவிட்டு வருகிறார். இரண்டு ராத்திரி தங்கினால் உத்தமம். முடியாவிட்டால் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும்.

ஊருக்கே டிக்கெட்!

பகலில் வந்துபோகிறவர்களுக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. ஊருக்குள் நுழையவே டிக்கெட்!

நம்ப முடியவில்லையா? 2024-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி தொடங்கினார்கள். அந்த ஆண்டு 29 நாட்களுக்கு இந்தக் கட்டணம் இருந்தது. 2025-ல் 54 நாட்கள் ஆக்கினார்கள். கூட்டம் அதிகம் உள்ள வசந்த கால, கோடைத் தொடக்க நாட்கள், பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு. நேரம் காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை.

முன்கூட்டியே கட்டினால் ஆளுக்கு 5 யூரோ. கடைசி நேரத்தில் கட்டினால் 10 யூரோ. கிளார்க் சார் தம்பதிக்கு 20 யூரோ, அதாவது 2 ஆயிரம் ரூபாய், கால் வைப்பதற்கே போய்விடும்.

ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. அவர்கள் ஓட்டல் பில்லோடு ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனியாக ஊர் வரி கட்டுகிறார்கள். ஆனால் "நான் தங்குகிறவன்" என்பதற்கு முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்து, சலுகைச் சீட்டை போனில் வைத்துக்கொள்ள வேண்டும். நாள் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிக்கெட் போடும் முன் மகனிடம் சொல்லி அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ஊர்க்காரர்களுக்கு மூச்சு முட்டுகிறது! 1951-ல் பழைய வெனிஸ் தீவுகளில் குடியிருந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம் பேர். 2022-ல் அது 50 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ரியால்ட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை ஜன்னலில், "இன்றைக்கு ஊரில் இத்தனை பேர்" என்று மின்சார எழுத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். போகிற வழியில் நின்று பாருங்கள். காய்கறிக் கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை, வீடு இருந்த இடத்தில் விடுதி என்று ஆகிவிட்டதன் கணக்கு அந்த ஜன்னலில் இருக்கிறது.

பாலத்தை எண்ணுங்கள்

சரி, எங்கே தங்குவது?

இரண்டு வழி உண்டு. ஒன்று மெஸ்த்ரே. இது தரையில் உள்ள பகுதி. பஸ் ஓடும், கார் ஓடும், வாடகை குறைவு. அங்கிருந்து வெனிஸ் தீவுக்கு ரெயிலில் 10 நிமிஷம்தான். டிக்கெட் ஒன்றரை யூரோ அளவில்தான் இருக்கும். பெரிய குடும்பமாகப் போகிறவர்களுக்கு, நாலைந்து நாள் தங்குகிறவர்களுக்கு மெஸ்த்ரே நல்ல யோசனை. இந்தப் பகுதியில் வங்காளதேசத்துக்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் கிடைக்கும் கடைகளும் உண்டு.

நம்ம தம்பதி தங்கப்போவதோ இரண்டே ராத்திரி. அவர்கள் தீவிலேயே தங்குவதுதான் சரி. அந்த அம்மா மத்தியானம் வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கவேண்டுமே! ஒவ்வொரு தடவையும் ரெயில் ஏறி இறங்க முடியுமா?

இங்கேதான் நம்ம ஆட்கள் ஏமாறுகிறார்கள். "சான் மார்க்கோவில் இருந்து 600 மீட்டர்" என்று ஓட்டல் விளம்பரத்தில் போட்டிருக்கும். 600 மீட்டர்தானே என்று பணம் கட்டிவிடுவார்கள். அந்த 600 மீட்டரில் நாலு பாலம் இருக்கும். வெனிஸ் பாலம் என்றால் சமதளம் இல்லை. அடியில் படகு போக வேண்டும் என்பதால், நடுவில் தூக்கிக் கட்டியிருப்பார்கள். இந்தப் பக்கம் படி ஏறி, அந்தப் பக்கம் படி இறங்க வேண்டும். 23 கிலோ சூட்கேசைத் தூக்கிக்கொண்டு நாலு பாலம் ஏறி இறங்கிப் பாருங்கள், தெரியும் சேதி!

ஆகவே தூரத்தைக் கேட்காதீர்கள். ஓட்டல்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். "உங்களுக்குப் பக்கத்தில் உள்ள படகுத்துறை எது? அங்கிருந்து உங்கள் வாசல் வரை எத்தனை பாலம்?" பாலம் இல்லை என்று பதில் வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. லிப்ட் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய கட்டிடங்கள்; பல இடங்களில் மாடிப்படிதான்.

ஒரு யோசனை சொல்லலாம். ரெயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து இடது கைப் பக்கம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பான்யா என்ற தெரு. வரிசையாக ஓட்டல்கள். தெருவின் கடைசி வரை ஒரு பாலம் கூடக் கிடையாது. அழகான தெரு என்று சொல்ல மாட்டேன். பொம்மைக் கடையும் பீட்சாக் கடையுமாக இருக்கும். ஆனால் சூட்கேசை உருட்டிக்கொண்டே போய்விடலாம். ரெயில் நிலையத்துக்கு எதிரேயே படகுத்துறை. முழங்கால் வலிக்காரர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

மிலானில் மகன் வீட்டிலேயே பெரிய பெட்டிகளை வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு தோள்பையோடு போனால் இன்னும் நல்லது.

விலாசம் கண்டுபிடிப்பதும் வேடிக்கைதான். ஊர் ஆறு வட்டாரமாகப் பிரிந்திருக்கிறது. தெருவுக்குத் தெரு நம்பர் கிடையாது. வட்டாரம் முழுக்க ஒரே வரிசை நம்பர். காஸ்தெல்லோ வட்டாரத்தில் நம்பர் 6 ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது! விலாசத்தை வைத்துக்கொண்டு வீடு தேடினால் விடிந்துவிடும். துறையின் பெயர், பக்கத்தில் உள்ள தேவாலயத்தின் பெயர், இந்த இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் பயப்பட வேண்டாம். சுவர்களில் மஞ்சள் பலகை இருக்கும். ரியால்ட்டோ, சான் மார்க்கோ, ரெயில் நிலையம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். ரெயில் நிலையத்துக்கு அவர்கள் பாஷையில் "பெர்ரோவியா."

படகு பஸ்

ஊருக்குள் பஸ் மாதிரி ஓடும் படகுக்கு வாபரெட்டோ என்று பெயர். நம்பர் உண்டு, ஸ்டாப் உண்டு.

ஒரு தடவை ஏற 9 யூரோ 50 சென்ட். (2025 கட்டணம் இது.) அதாவது 950 ரூபாய்! தலை சுற்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அந்த டிக்கெட் 75 நிமிஷம் செல்லும். 24 மணி நேர பாஸ் 25 யூரோ. 48 மணி நேர பாஸ் 35 யூரோ. 72 மணி நேரத்துக்கு 45 யூரோ.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தனித்தனியாக நாலு தடவை ஏறினால் 38 யூரோ. 48 மணி நேர பாசே 35 யூரோதான்! நாலு தடவைக்கு மேல் ஏறுவதெல்லாம் இலவசம் மாதிரி.

இந்த 48 மணி நேரம், பாஸ் வாங்கிய நேரத்தில் இருந்து ஓடாது. முதல் தடவை துறையில் உள்ள இயந்திரத்தில் காட்டுகிறோமே, அந்த நேரத்தில் இருந்துதான் ஓடும். முதல் நாள் மாலை 4 மணிக்குக் காட்டினால், மூன்றாம் நாள் மாலை 4 மணி வரை செல்லும். இரண்டு ராத்திரி தங்குகிறவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி! ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இயந்திரத்தில் காட்ட வேண்டும். மறந்தால், பாஸ் கையில் இருந்தாலும் அபராதம் விழலாம்.

1-ம் நம்பர் படகு, கிராண்ட் கால்வாய் முழுக்க நின்று நின்று போகும். அந்தக் கால்வாய் 3 கிலோ மீட்டர் 800 மீட்டர் நீளம். ஊரை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. அவசரக்காரர்கள் 2-ம் நம்பரில் ஏறுவார்கள். நமக்கு 1-ம் நம்பர்தான். ரெயில் நிலையத்தில் இருந்து சான் மார்க்கோவுக்கு முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் மாளிகைகள் தண்ணீருக்குள் கால் வைத்து நிற்கும். ஒரு பைசா கூடுதல் செலவு இல்லாமல், ஒரு படி ஏறாமல், உட்கார்ந்தபடி பாதி ஊரைப் பார்த்துவிடலாம். வெளிப் பக்கத்து சீட்டைப் பிடியுங்கள்.

சான் மார்க்கோ வல்லாரெஸ்ஸோ என்ற துறையில் இறங்கினால் சதுக்கத்துக்கு நடுவே பாலம் இல்லை. அம்மாவுக்காக இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் நேராக வெனிசுக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விமான நிலையப் படகுக்கு இந்த பாஸ் செல்லாது. அது வேறு கம்பெனி, வேறு டிக்கெட். பஸ்சில் வந்தால் பியாட்சாலே ரோமா என்ற இடத்தோடு பஸ் நின்றுவிடும். அங்கிருந்து ரெயில் நிலையப் பக்கம் போக 2008-ல் கட்டிய புதுப் பாலம் இருக்கிறது. கண்ணாடிப் படி போட்ட பாலம். பார்க்க ஜோர்! ஆனால் வழுக்கி விழுந்தவர்கள் ஏராளம். 2022-ல் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கல் பதிக்க நகராட்சி முடிவு செய்தது. மழை நாளில் அங்கே நடை பழக வேண்டாம். படகிலேயே எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.

அரை மணிக்கு 9 ஆயிரம் ரூபாய்!

கொண்டோலாவில் ஏறாமல் வெனிசா? வீட்டில் கேட்பார்களே!

கறுப்புப் படகு, கோடு போட்ட பனியன் போட்ட படகோட்டி. நகராட்சி வைத்த ரேட்டு, 2023 கடைசியில் உயர்த்தியது: பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிஷத்துக்கு 110 யூரோ. ஒரு ஆளுக்கு இல்லை, ஒரு படகுக்கு. ஐந்து பேர் வரை உட்காரலாம். துறையில் நிற்கும் வேறு ஜோடிகளோடு சேர்ந்துகொண்டு பங்கு போட்டால் சுமை குறையும். ஏறும் முன்பே ரேட்டையும் நிமிஷத்தையும் வாய்விட்டுப் பேசி முடித்துவிடுங்கள். பாட்டுப் பாடச் சொன்னால் அதற்குத் தனி ரேட்டு.

9 ஆயிரம் கொடுக்க மனம் வரவில்லையா? இன்னொரு வழி இருக்கிறது. கிராண்ட் கால்வாய்க்கு மொத்தமே நாலு பாலம்தான். நடுவில் அக்கரைக்குப் போக வேண்டிய ஊர்க்காரர்களுக்காகப் படகுத்துறைகள் வைத்திருக்கிறார்கள். டிராகெட்டோ என்று பெயர். அதுவும் கொண்டோலா மாதிரிப் படகுதான், கொஞ்சம் பெரிது. வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. இரண்டு நிமிஷத்தில் அக்கரை! ரியால்ட்டோ மார்க்கெட்டுக்கு எதிரே சாந்தா சோபியா துறையில் இது ஓடுகிறது. ஊர்க்காரர்கள் நின்றுகொண்டே போவார்கள். நாம் உட்கார்ந்துகொள்வோம், நமக்கு எதற்கு வம்பு!

என்னைக் கேட்டால் நம்ம தம்பதிக்கு டிராகெட்டோ போதும். ஆனால் அந்த அம்மா "வாழ்க்கைல ஒரே தடவைதானே" என்று கேட்டால், கிளார்க் சார் கணக்குப் பார்க்கக் கூடாது. ஓட்டலில் ஒரு வேளை சாப்பாட்டைக் குறைத்தாவது ஏற்றிவிட வேண்டும்.

எந்த மாதம்?

ஜூலை, ஆகஸ்டு வேண்டாம். வெயில், கொசு, கூட்டம் மூன்றும் சேர்ந்து வரும். "வெயில் நமக்குப் புதுசா?" என்று கேட்கலாம். நிழலில் சாய்ந்து உட்கார அங்கே திண்ணை கிடையாதே! சான் மார்க்கோ சதுக்கத்துப் படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம். கால்வாயில் கால் நனைத்து விளையாடினாலும் அபராதம். புறாவுக்குத் தீனி போட்டாலும் அபராதம். 2008-ல் இருந்தே தடை.

பிப்ரவரி வாக்கில் முகமூடித் திருவிழா வரும். பார்க்கப் பிரமாதம், ஓட்டல் வாடகை எக்கச்சக்கம். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வெயிலும் குளிரும் நம் உடம்புக்குத் தோதாக இருக்கும். வார நாட்களாகப் பார்த்துப் போங்கள்.

நவம்பர், டிசம்பரில் வாடகை இறங்கும். ஆனால் கடல் ஏறும்!

அலை ஏற்றத்தோடு தெற்குக் காற்றும் சேர்ந்தால் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும். 1966 நவம்பர் 4-ந் தேதி 194 சென்டி மீட்டர் உயரத்துக்கு வந்தது. 2019 நவம்பர் 12-ந் தேதி 187 சென்டி மீட்டர். அதற்குப் பிறகுதான் கடல் வாசலில் 78 இரும்புக் கதவுகள் வேலைக்கு வந்தன. சாதாரண நாளில் கடலுக்கு அடியில் படுத்துக் கிடக்கும். தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் எழுந்து நின்று மறிக்கும். 2020 அக்டோபர் 3-ந் தேதி முதல் தடவை எழுப்பினார்கள். சான் மார்க்கோ சதுக்கம் நனையவே இல்லை!

ஆனால் 110 சென்டி மீட்டர் அளவுக்கு ஏறும் என்றால்தான் கதவைத் தூக்குவது வழக்கம். சதுக்கம் ஊரிலேயே பள்ளமான இடம். அதற்குக் குறைந்த அலைக்கே அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். பயப்பட ஒன்றும் இல்லை. மேஜை மாதிரிப் பலகை போட்டு நடக்கவிடுவார்கள். சில மணி நேரத்தில் அலை இறங்கும், தண்ணீரும் போய்விடும். மழைக் காலத்தில் மடிப்பாக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு இது ஒரு விஷயமா?

சாப்பாடு

உட்கார்ந்தால் ஒரு விலை, நின்றால் ஒரு விலை. இதுதான் அந்த ஊர்ச் சட்டம்.

காப்பிக் கடையில் கவுண்டர் ஓரம் நின்று குடித்தால் ஒன்று, ஒன்றரை யூரோவோடு போய்விடும். அதே காப்பியை சான் மார்க்கோ சதுக்கத்தில், பாட்டுக் கச்சேரி நடக்கும் கடையில் உட்கார்ந்து குடித்தால், பாட்டுக்கும் சேர்த்து பில் போடுவார்கள். அந்த ஆயிரம் ரூபாய் காப்பி இதுதான். ஏமாற்று வேலை இல்லை. விலைப் பட்டியலிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை. சாப்பாட்டு ஓட்டலிலும் "கோப்பெர்தோ" என்று தலைக்கு இவ்வளவு போடுவார்கள். இலைக்காசு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர்கள் போவது பக்காரோ என்ற சின்னக் கடைகளுக்கு. ஒரு வாய், இரண்டு வாய் அளவுத் தீனியைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். கையால் காட்டி வாங்கலாம், பாஷை தேவை இல்லை. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வேட்டைதான். வெங்காயமும் வினிகரும் போட்டு ஊற வைத்த மத்தி மீன் அந்த ஊர் விசேஷம். பழைய குழம்பு மாதிரி மறுநாள்தான் ருசி.

சைவக்காரர்கள் "மரினாரா" பீட்சா கேளுங்கள். தக்காளி, பூண்டு, எண்ணெய் மட்டும்தான். சீஸ் கூட இருக்காது. சீஸ் பரவாயில்லை என்றால் "மார்கரீட்டா." "சென்சா கார்னே, சென்சா பெஷே" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று அர்த்தம். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். சின்னச் சதுக்கங்களில் இரும்புக் குழாயில் நல்ல தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். பிடித்துக் குடிக்கலாம்.

இரண்டு ராத்திரி, மூன்று பகல்

முதல் நாள் மத்தியானம் வந்து, ஓட்டலில் பையைப் போட்டுவிட்டு, கொஞ்சம் தூங்குங்கள். மாலை 4, 5 மணிக்கு 1-ம் நம்பர் படகு. ஊரே எதிர்த்திசையில் கிளம்பிக்கொண்டிருக்கும். நீங்கள் சான் மார்க்கோவில் இறங்குவீர்கள். மணிக்கூண்டைப் பாருங்கள். 1902-ல் அப்படியே சரிந்து விழுந்து, 1912-ல் அதே மாதிரி மறுபடி கட்டியது. இருட்டிய பிறகு அதே படகில் திரும்புங்கள். இப்போது அதே மாளிகைகள் வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாம் நாள் விடியற்காலை எழுந்துவிட வேண்டும். நமக்கு அது கஷ்டமே இல்லை. இந்திய நேரப்படி பொழுது எப்போதோ விடிந்திருக்கும், தூக்கம் தானாகக் கலையும். 7 மணிக்கு ரியால்ட்டோ பாலத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். 1591-ல் கட்டி முடித்த கல் பாலம். ஒரே வளைவு. பக்கத்திலேயே மீன் மார்க்கெட். ஞாயிறு, திங்கள் லீவு. அங்கிருந்து டிராகெட்டோவில் அக்கரை. 10 மணிக்குக் கூட்டம் வந்து இறங்கும்போது நீங்கள் ஓட்டலில் காலை நீட்டிப் படுத்திருக்கலாம்!

மாலையில் சான் ஜோர்ஜோ தீவு. 2-ம் நம்பர் படகு தேவாலய வாசலிலேயே இறக்கிவிடும். அங்கே மணிக்கூண்டில் லிப்ட் உண்டு. எல்லோரும் சான் மார்க்கோ கூண்டில் ஏற வரிசையில் நிற்பார்கள். சான் ஜோர்ஜோவில் ஏறினால் சான் மார்க்கோவையும் சேர்த்துப் பார்க்கலாம். வரிசையும் குறைவு.

எதிரே வெள்ளைக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம் தெரியும். சலூத்தே. 1630-ல் பிளேக் நோய் வந்து ஊரைத் தின்றபோது நேர்ந்துகொண்டு கட்டியது. சேற்றில் 10 லட்சத்துக்கு மேல் மரக்கட்டைகளை அடித்து இறக்கி, அதன் மேல் நிற்கிறது என்பார்கள். ஊர் முழுக்கவே அப்படித்தான். மரக்கம்பு, அதன் மேல் கல், அதன் மேல் வீடு.

மூன்றாம் நாள் பாஸ் முடிவதற்குள் புரானோ தீவு. 12-ம் நம்பர் படகில் முக்கால் மணி நேரம். வீட்டுக்கு வீடு வேறு வேறு வர்ணம். முரானோ கண்ணாடித் தீவும் வழியிலேயே. 1291-ல் தீ விபத்துக்குப் பயந்து கண்ணாடி உலைகளை எல்லாம் அங்கே அனுப்பிவிட்டார்கள். "இலவசமாகப் படகில் கூட்டிப்போகிறேன்" என்று யாராவது கூப்பிட்டால் போக வேண்டாம். கடையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எதுவும் வாங்காமல் வெளியே வர நம்ம ஆட்களுக்குக் கூச்சம்.

தேவாலயத்துக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவை கட்டியவர்களை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த அம்மா தாலிச் செயினை மட்டும் ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளட்டும். படகு நெரிசலில் ஜேப்படிக்காரர்கள் உண்டு.

காகித வேலை

விசா ஒன்றுதான். ஷெங்கன் விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். விசா கையில் வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் அறையாகப் பார்த்துப் போடுங்கள். நூறு இருநூறு ரூபாய் மிச்சம் என்று ஆசைப்பட்டு, திரும்பி வராத அறையைப் போட்டுவிட்டு, விசா தள்ளிப்போய் அழுதவர்கள் உண்டு.

மிலானில் இருந்து வரும்போது முதலில் "வெனேசியா மெஸ்த்ரே" என்று ஒரு ஸ்டேஷன் வரும். வெனிஸ் வந்துவிட்டது என்று பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். இறங்காதீர்கள்! அதற்கு அடுத்து ரெயில் கடலுக்குள் நீளப் பாலத்தில் ஓடும். அதன் கடைசியில் "வெனேசியா சாந்தா லூச்சியா." அங்கேதான் இறங்க வேண்டும். வாசலுக்கு வந்தால் எதிரே ரோடு இருக்காது. கால்வாய் இருக்கும்.

நேரம் மிச்சம் இருந்தால் இன்னும் ஒரே ஒரு இடம். ரியால்ட்டோவுக்குப் பக்கத்தில் மாலிப்ரான் தியேட்டருக்குப் பின்னால் கோர்த்தே தெல் மிலியோன் என்று ஒரு சின்ன முற்றம். மார்க்கோ போலோ குடும்பத்து வீடு இருந்த இடம். 1271-ல் இங்கிருந்து கிளம்பினார். சீனாவுக்குப் போய், திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்தார். காயல் துறைமுகத்தில் குதிரைகள் வந்து இறங்கியதையும், முத்துக்குளிப்பையும் சொல்லி எழுத வைத்திருக்கிறார். 1295-ல்தான் ஊர் திரும்பினார்.

அந்த முற்றத்துக்கு டிக்கெட் இல்லை. வரிசையும் இல்லை.